வாரிசின் கையெழுத்து

எங்கள் வீட்டில் காலைத் தேநீர் போடுவது நான்தான். கலியாணம் முடித்த இந்த ஏழு வருடத்தில் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டதில்லை. என் மனைவி லோஜனாவுக்கு இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்ரீ, சீனி அரைக் கரண்டி. அவள் இறந்த அன்றும் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் இரண்டு கோப்பை குடித்தாள்.

உங்களில் சிலருக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை என்று அறிகிறேன். லோஜனா நல்ல சுகத்தோடு இருக்கிறாள். அவள் இறந்தது கரைகாட்டிக் குழுமத்துக்கு மட்டும்தான். அதை நான் ஒரு மூன்று வரி மின்னஞ்சலில் செய்தேன். நீங்கள் விசாரணைக் குழு அமைத்து, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்ட முறை மரியாதையாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். கரைகாட்டி என்றால் என்னவென்றே தெரியாத ஆட்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

கரைகாட்டி, சிறு வள்ளங்களில் போகிறவர்களுக்கான செயலி. கைத்தொலைபேசியில் போட்டுக்கொண்டால் கரை எங்கே, பாறை எங்கே என்று காட்டும். நங்கூரம் அறுந்து வள்ளம் இழுபட்டால் நித்திரையில் கிடக்கிற மனிதனை எழுப்புகிற மாதிரிக் கத்தும். அந்தக் கத்தும் பகுதியை எழுதியவள் லோஜனா. அவளுடைய அப்பா கதிரவேல், சல்லி என்ற ஊரின் கரையில் பைபர் வள்ளம் வைத்திருப்பவர். ஒரு வாடைக்காலத்தில் அவர் வலையை விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது வள்ளம் புறாமலைத் தீவுப் பக்கம் இழுபட்டுப் போய், பாறைக்குப் பத்து முழம் இருக்கும்போது கடலம்மாவின் தயவில் விழித்துக்கொண்டார். அடுத்த மாதமே இவள் அதை எழுதி முடித்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கும். அவ்வளவுதான்.

ஆரம்பித்தவன் யார் என்ற கேள்வியும் வந்திருக்கிறது. நான்தான். செயலியின் நிரலில் பெரும்பகுதி அவளுடையது என்பது உண்மை. ஆனால் பெயர் வைத்தது நான், இலச்சினை வரைந்தது நான், விதிகள் பக்கத்தை எழுதியதும் நான். பிள்ளையைப் பெற்றவள் அவள் என்றால் பிறப்புப் பதிவு செய்தவன் நான். பதிவில்லாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்?

குழுமத்தில் நாங்கள் ஏழு பேர். நானும் அவளும் திருகோணமலையில், அன்புவழிபுரத்தில் ஒரே வீட்டில், ஒரே மேசையில். மற்ற ஐந்து பேரும் கடல் கடந்து இருப்பவர்கள். எங்கள் ஊர்க்காரரான இரத்தினசிங்கம் அண்ணை ரொறன்ரோவில். எங்கள் நிரலுக்கு ஓர் உரிமம் இருந்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை எல்லோருக்கும் திறந்து காட்டவேண்டும். அந்த நிபந்தனையைப் பிடிவாதமாக வைத்தவள் லோஜனா. கரைவலையில் கயிறு பிடித்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டல்லவா, அதுதான் இதுவும் என்பாள்.

இப்படி நானூறு வள்ளங்கள் வரைக்கும் போயிருந்தபோது கொழும்புக் கொம்பனி ஒன்று வந்தது. வந்தவர் நுஸ்கி, மூதூரைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். வள்ளத்தின் எஞ்சினோடு பூட்டுகிற பெட்டி ஒன்றைச் செய்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் போகாது, கீழே விழுந்தால் உடையாது. அதற்குள் கரைகாட்டியைப் போட விரும்பினார்கள். ஆனால் தாங்கள் செய்கிற மாற்றங்களைத் திறந்து காட்ட ஏலாது, உரிமத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தாருங்கள் என்றார்கள். உரிமத்தை மாற்ற ஏழு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். ஆறு பேர் இரண்டு நாளில் வைத்துவிட்டோம்.

லோஜனாவிடம் குசினியில் வைத்துக் கேட்டேன். அவள் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அவை எடுக்கட்டும், விக்கட்டும், எனக்கு ஒண்டுமில்லை. மாத்தினதை மட்டும் காட்டட்டும். அப்பா நம்பிக் கண்ணை மூடுற சாமான் இது. உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு எனக்குத் தெரியவேணும்."

"எல்லாரும் சம்மதிச்சிட்டினம். நீர் ஒராள்தான் மறிக்கிறீர்," என்றேன்.

"ஓம். ஒராள் மறிச்சாலும் நிக்கவேணுமெண்டு விதி எழுதினது நீங்கள்தானே?"

அவள் சொன்னது சரி. விதியை நான் அழகாகத்தான் எழுதியிருந்தேன்.

நுஸ்கியிடம் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அப்படியானால் தங்கச்சியின் பகுதியை மட்டும் பழைய உரிமத்திலேயே தனியாகத் திறந்து வைத்துவிட்டு, மற்றதைக் கொம்பனி தன் பாட்டில் செய்யலாம், கொம்பனிகளும் குழுமங்களும் அப்படிச் சேர்ந்து வேலை செய்வது வழக்கம்தான் என்றார். பெட்டியைக் கொஞ்சம் திருத்தவேண்டும், மூன்று மாதம் பிந்தும், அவசரமில்லை என்றும் சொன்னார்.

எனக்கு அவசரமிருந்தது. வெளியீட்டு விழா இன்னும் ஏழு நாளில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் நடப்பதாக இருந்தது. அழைப்பிதழின் மாதிரி என் கையில் இருந்தது. அதில் 'தாபகர்' என்று போட்டு என் பெயர். மூன்று மாதம் பிந்தினால் மாரி வந்துவிடும், மாரியில் யார் விழா வைப்பார்கள்? எனக்கு லோஜனா மேல் பொறாமை என்று உங்களில் ஒருவர் எழுதியிருக்கிறீர்கள். அப்படியொன்றும் இல்லை. விருந்தினர் வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்து "இது லோஜனாவின் மேசையா?" என்று கேட்கும்போது மனம் சற்றுக் கனக்கும். அவ்வளவே.

அன்று விதிகள் பக்கத்தை மறுபடி வாசித்தேன். நாலாவது விதியில் நானே எழுதியிருந்தேன்: பங்களித்த ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு கையெழுத்து வைக்கலாம். பிள்ளைகள் இல்லாதவிடத்து வாரிசு, கணவன் அல்லது மனைவி.

நான் அதை நாலு பக்கமும் யோசித்துத்தான் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். டெங்குக் காய்ச்சல் என்று போட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் இரண்டாம் தடவை கேட்காத காரணம் அது. துயரத்தோடு அறிவிப்பதாகவும், இறுதிக் கிரியைகள் முடிந்துவிட்டதாகவும், அவளுடைய கடைசி விருப்பம் கரைகாட்டி எல்லா வள்ளங்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதே என்றும் எழுதினேன். கடைசி வசனம் பொய்யில்லை. அவளுக்கு அந்த விருப்பம் உண்மையாகவே இருந்தது. பிறகு வாரிசாகக் கையெழுத்து வைத்தேன்.

அவளிடம் போய், உம்முடைய நிபந்தனைக்குக் கொம்பனி ஒத்துக்கொண்டுவிட்டது என்று சொன்னேன். அவளுக்கு வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சவ்வரிசிப் பாயசம் வைத்தாள். அவள் இறந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம். இரண்டாவது கோப்பைத் தேநீரும் அந்தச் சந்தோசத்தில் குடித்ததுதான்.

அதற்குப் பிறகு கொஞ்சம் வேலை இருந்தது. ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு நாலைந்திலேயே முடிந்துவிட்டது. குழுமத்தில் அவளுடைய கணக்கை 'நினைவாகப் பேணுதல்' என்று பூட்டினேன். அவளிடம், குழுமத்தின் கணினி வழங்கியை மாற்றுகிறார்கள், ஒரு மாதம் உள்ளே போக ஏலாது என்றேன். அனுதாபச் செய்திகள் குவிந்தன. சிலவற்றை வாசித்து நான் அழுதேன். அவளைப் பற்றி நீங்கள் எழுதியவை அத்தனை அழகாக இருந்தன. பக்கத்துக் கதிரையில் இருந்தவள், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். வெங்காயம் என்றேன்.

விழா நன்றாக நடந்தது. மாமாவை, அதாவது லோஜனாவின் அப்பாவை, நான் அழைக்கவில்லை. அன்றைக்குக் கடல் நல்லாக இருந்தது, தொழிலைக் கெடுப்பானேன். லோஜனாவிடம் கொம்பனி ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்றேன். முதன்முதலில் கரைகாட்டி ஓடிய மாமாவின் பழைய கைத்தொலைபேசியை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பதிலுக்கு மாமாவின் வள்ளத்தில் முதல் பெட்டியை நானே பூட்டிக் கொடுத்தேன். மேடையில் என் மனைவியைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அந்த மண்டபத்தில் அவள் இல்லாத குறை எனக்குத் தெரிந்தது. நுஸ்கி அவள் நினைவாக ஒரு கேடயம் தந்தார். அதை அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

நுஸ்கி நல்ல மனிதர் என்றேனல்லவா. அவர் என்னிடம் கேட்காமலே இன்னொன்றும் செய்திருந்தார். பெட்டியைப் போட்டதும் திரையில் முதலில் 'லோஜனா நினைவாக' என்று வரும். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்ட உள்ளது தெரியாது. முதல் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, கொம்பனி என் மகளின் பெயரைப் போட்டிருக்கிறது என்று சல்லிக் கரை முழுக்கக் காட்டித் திரிந்தார். கரையில் இருந்தவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டொருவர் இருந்திருப்பார்கள். ஒரு தகப்பனின் சந்தோசத்தைக் கெடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லைப் போலும். எங்கள் சனம் நல்ல சனம்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்ட விடயத்துக்கு வருகிறேன்.

விழா முடிந்து ஒரு கிழமையில் மாமா, பெட்டி கொஞ்சம் பிந்திக் கத்துகிறது என்று மகளிடம் சொன்னார். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சல்லிக்குப் போய், அப்பாவோடு வள்ளத்தில் ஏறி, கரைக்குக் கிட்ட நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, கையில் மணிக்கூட்டோடு இருந்து பார்த்தாள். அவள் ஏறுமுன்பே மாமா பெட்டியைப் போட்டிருந்ததால் திரையில் முதலில் வருகிற எழுத்து அவள் கண்ணில் படவில்லை. ஒரு நிமிடத்தில் கத்தவேண்டியது பத்து நிமிடத்தில் கத்தியது. பற்றரியை மிச்சம் பிடிக்கக் கொம்பனியில் யாரோ ஒன்றைப் பத்தாக மாற்றியிருந்தார்கள். அதில் வஞ்சகம் இல்லை. கடலில் நித்திரை கொண்டு பழக்கமில்லாத ஆட்கள். உரிமம் பழையபடி இருந்திருந்தால் அந்த மாற்றம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும், அவள் அன்றைக்கே பிடித்திருப்பாள் என்று உங்கள் கேள்விக் கடிதத்தில் இருக்கிறது. இருக்கலாம்.

அவள் குழுமத்துக்கு எழுதப் பார்த்தாள். கணக்கு பூட்டியிருந்தது. பொறுக்கமாட்டாமல் தன் பெயரிலேயே புதுக் கணக்குத் திறந்து, பத்து நிமிடக் கதையையும் அதைத் திருத்துகிற நிரலையும் போட்டாள். அன்று பின்னேரமே இரத்தினசிங்கம் அண்ணை எனக்கு எழுதினார்: தம்பி, யாரோ உம்முடைய மனைவியின் பெயரில் விளையாடுகிறார்கள், எழுதுகிற முறைகூட அச்சொட்டாக அவவைப் போலவே இருக்கிறது, என்ன செய்ய? நான், என் மனம் தாங்காது, தயவுசெய்து நீக்கிவிடுங்கள் என்று பதில் போட்டேன். அண்ணை கணக்கோடு சேர்த்து அவள் எழுதியதையும் நீக்கினார். யாரும் அதை முழுதாக வாசித்துப் பார்க்கவில்லை. இதில் அண்ணையைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை.

அவள் என்னிடம் வந்தாள். என் கணக்கு ஓடவில்லை, நீங்களாவது நுஸ்கிக்குச் சொல்லுங்கள் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லியிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு. ஆனால் யார் கண்டுபிடித்தது, எப்படி என்று நுஸ்கி கேட்பார். நான் கடலுக்குப் போகாதவன், வள்ளத்தில் ஏறினால் தலைசுற்றிச் சத்தி எடுப்பவன் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டி அவள் நினைவாக வந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிவதற்குள் அதில் குறை சொல்வது முறையாகப் படவில்லை. துக்கம் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து அவள் மறுபடியும் கேட்டாள்.

"சொன்னீங்களா? அப்பாவைக் கடலுக்குப் போகவேண்டாமெண்டு மறிச்சு வைச்சிருக்கிறன்."

"சொல்லியாச்சு. திருத்திப்போட்டினம்," என்றேன். "மாமாவைப் போகச் சொல்லும்."

எப்படியும் அந்த மாதத்துக்குள் நான் சொல்லியிருப்பேன், அவர்களும் திருத்தியிருப்பார்கள். ஆகவே அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை. மாமா அன்று பின்னேரமே போனார். அதற்குப் பிறகு பதினொரு நாள் போய்வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் இருந்தேன்.

நான் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். எங்கள் சனத்தின் வழக்கத்தை மறந்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அனுதாபத்தை இணையத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இரத்தினசிங்கம் அண்ணை திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர். முப்பத்தோராம் நாளைக்கு ரொறன்ரோவிலிருந்தபடியே இங்கே ஓர் அச்சகத்துக்கு அழைப்பெடுத்து, ஆளுயரத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி நாற்பது அடிப்பித்து, ஊர் முழுக்க ஒட்டச் சொல்லிவிட்டார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்கும் சொல்லவில்லை.

அன்று காலை லோஜனா மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போனாள். பஸ் நிலையத்துக்கு முன்னாலுள்ள சுவரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிவரப் பூமாலை, கீழே இரண்டு குத்துவிளக்கு. கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற மான்களில் ஒன்று பசை ருசிக்குக் கீழ்மூலையைத் தின்றுகொண்டிருந்ததாம். மரக்கறி விற்கிற வள்ளியம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது உன்ர அக்காவோ?" என்று கேட்டிருக்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டு, மான் விட்ட மிச்சத்தை உரித்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நான் தேநீர் போட்டு வைத்திருந்தேன். அவள் சுவரொட்டியை மேசையில் விரித்தாள். 'கரைகாட்டிக் குழுமத்தினர்' என்று அடியில் இருந்தது. அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இறந்துபோனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்.

"அப்ப, அந்தப் பத்து நிமிசம்? அதையும் நீங்கள் சொல்லேல்லை?"

நான் தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் தொலைபேசியை எடுத்து அப்பாவுக்கு அடித்தாள். முந்தின நாள் பின்னேரம் போன வள்ளம் காலை ஆறு மணிக்குக் கரைக்கு வந்திருக்கவேண்டும். அப்போது மணி ஒன்பது.

வள்ளம் விடியற்காலையில் புறாமலைப் பாறையில் ஏறி இரண்டாகப் பிளந்திருந்தது. பெட்டி கத்தியிருக்கிறது, பாறையில் அடிபட்ட பிறகு. வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாமாவின் இடது கால் அகப்பட்டிருந்தது. கிண்ணியா வள்ளக்காரர்கள் கண்டு, மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவரைத் தூக்கி வந்தார்கள். வைத்தியசாலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் பூட்டின பெட்டி கடைசியிலையெண்டாலும் அடிச்சதுதானே. இல்லாட்டி நித்திரையிலயே போயிருப்பன்."

எனக்கு, ஒருவராவது என் வேலையைப் புரிந்துகொண்டாரே என்று இருந்தது.

லோஜனா இப்போது சல்லியில் அப்பாவோடு இருக்கிறாள். நுஸ்கிக்கு அவளே அழைப்பெடுத்து விடயத்தைச் சொன்னாளாம். அவர் முதலில் தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு, பிறகு அரை மணித்தியாலத்தில் எல்லாப் பெட்டிகளிலும் பத்தை ஒன்றாக்கினார். அரை மணித்தியாலம். இவ்வளவு சுலபமென்று எனக்குத் தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன். குழுமத்தில் அவளை உயிர்ப்பிக்கிற விண்ணப்பம் இன்னும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். இறந்தவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று விதிகள் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அது என் கவனக்குறைவு. வருந்துகிறேன்.

மற்றபடி நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு இருந்த என் மனைவியை இறந்ததாக அறிவித்தேன். அவளுடைய வாரிசாகப் பொய்க் கையெழுத்து வைத்தேன். பத்து நிமிடம் பிந்துகிறது என்று தெரிந்துகொண்டே அவளுடைய அப்பாவைக் கடலுக்கு அனுப்பினேன். அந்தப் பெட்டியைப் பூட்டிய மற்ற வள்ளக்காரர்களும் அறியவேண்டும் என்பதற்காக இந்த வாக்குமூலத்தைச் சுருக்கித் திருத்தி வெளியிடப்போவதாக லோஜனா எழுதியிருக்கிறாள் என்று அறிகிறேன். வெளியிடலாம். யாரும் எடுக்கலாம், எங்கும் பகிரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் என்னுடைய கையெழுத்து இல்லாமல் இதில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்காமல் கைவைப்பது முறையல்ல என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.